வகைக்கெழுவை 0 என்று வைத்த பிறகும் சமன்பாட்டைத் தீர்க்க முடியவில்லை என்றால், பெரும மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னிடம் சாயங்காலம் டியூஷன் வரும் பிளஸ் டூ பிள்ளைகளும் நீங்கள் நிற்கும் இதே இடத்தில்தான் நிற்பார்கள். வகையிட்டாயிற்று, 0-க்குச் சமமாக வைத்தாயிற்று, அதற்குமேல் சமன்பாடு நகர மாட்டேன் என்கிறது. "எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்ப்பது கணக்கா, குருட்டடியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குதான். ஆனால் எதில் எண்ணைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் அதைத் தப்பாகச் செய்து ஒரு ராத்திரியைத் தொலைத்தவன்.

எங்கள் தோட்டம் உடுமலைப் பக்கம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம். நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். நம்ம முறை வந்துவிட்டால் ராத்திரி, பகல் கிடையாது. வாய்க்காலிலிருந்து வரும் தண்ணீர் இட்டேரிக்கு (காடுகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) அடியில் ஒரு அடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் வழியாகத்தான் எங்கள் காட்டுக்குள் வரவேண்டும். மடையில் நிற்கும் அப்பாரு (தாத்தா), "கொழாய முட்ட முட்ட உடாத கண்ணு, மேல ஒரு வெரக்கடை காலியா இருக்கோணும்" என்பார். வெரக்கடை என்றால் விரற்கடை, ஒரு விரல் அகலம். முழுசா விட்டால்தானே தண்ணி அதிகம் வரும் என்று எனக்குள் ஒரு எரிச்சல்.

பாலிடெக்னிக்கில் மானிங் சூத்திரம் படித்தபோது அது ஞாபகம் வந்தது. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-ல் முன்வைத்தது. குழாயின் சரிவும் சொரசொரப்பும் மாறாமல் இருந்தால், ஓடும் தண்ணீரின் அளவு, தண்ணீரின் குறுக்குவெட்டுப் பரப்பின் 5/3 அடுக்கை நனைந்த சுற்றளவின் (தண்ணீர் தொடும் சுவரின் நீளம்) 2/3 அடுக்கால் வகுத்த மாதிரி மாறும். தண்ணீர் தொடும் வட்டவில் மையத்தில் தாங்கும் கோணத்தை 'க' என்று வையுங்கள். குழாய் காலி என்றால் க = 0, நிறைந்தால் 2π, அதாவது 6.2832. பரப்பு (க − சைன் க)-வைப் பொறுத்தது, நனைந்த சுற்றளவு க-வைப் பொறுத்தது. ஆக,

ஓட்டம் = (க − சைன் க)^(5/3) ÷ க^(2/3)

பாதிக் குழாய்க்கு π, முழுக் குழாய்க்கு 2π என்று வருகிறது. பாதிக்குப் பாதி, சரிதான். இனி பெருமம் எங்கே?

வகையிட்டு, எப்போதும் நேர்குறியாகவே இருக்கும் காரணிகளை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது இது:

3க − 5க காஸ் க + 2 சைன் க = 0

க வெளியிலும் இருக்கிறது, காஸுக்கு உள்ளேயும் இருக்கிறது. இதைப் பிரித்தெடுக்க எந்த வாய்பாடும் உதவாது. நீங்கள் மாட்டிக்கொண்ட இடமும் இப்படித்தான் இருக்கும்.

அன்று நான் செய்தது, ஓட்டத்திலேயே நேராக எண்ணைப் போட்டது. 5-க்கு 6.6983, 5.5-க்கு 6.7255, 6-க்கு 6.4729. ஆக உச்சி 5-க்கும் 6-க்கும் நடுவில். இது வரைக்கும் நல்ல வேலை. பிறகு 5.2-க்கு 6.7543, 5.3-க்கு 6.7585, 5.4-க்கு 6.7484. சரி, 5.3-க்குப் பக்கத்தில் என்று நெருக்கிக்கொண்டே போனேன். 5.27810-க்கும் 5.27811-க்கும் என் பத்து இலக்கக் கால்குலேட்டர் ஒரே விடையைக் காட்டியது. அதற்குமேல் எது பெரிது என்று அதற்கே தெரியவில்லை.

மலை உச்சியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உச்சியில் தரை சமதளம். நாலடி இந்தப்பக்கம் நகர்ந்தாலும் அந்தப்பக்கம் நகர்ந்தாலும் உயரம் மாறாது. கோணத்தில் 0.01 பிழை இருந்தால் ஓட்டத்தில் வரும் பிழை ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான். உச்சியின் உயரம் மட்டும் போதும் என்றால் நமக்கு லாபம், கொஞ்சம் தள்ளி நின்றாலும் சரியான விடை கிடைத்துவிடும். உச்சி எங்கே என்று கேட்டால் நட்டம்: உயரங்களை ஒப்பிட்டுத் தேடும்போது கால்குலேட்டரின் இலக்கங்களில் ஏறக்குறைய பாதிதான் இடத்தைச் சொல்ல உதவும். சாய்வு, அதாவது வகைக்கெழு, அப்படியில்லை. உச்சியின் ஒரு பக்கம் அது நேர்குறி, மறுபக்கம் எதிர்க்குறி, நடுவில் சுழியை வெட்டிக்கொண்டு போகிறது. அதனால் சாய்வில் எண்ணைப் போடுங்கள்.

எளிய வழி, பாதியாகப் பிளப்பது. சாய்வின் குறியைச் சொல்வது மேலே மிஞ்சிய 3க − 5க காஸ் க + 2 சைன் க என்ற கோவை. 5-ல் அந்தக் கோவை +5.99, குழாய் நிறைந்த 2π-ல் −4π. குறி மாறுகிறது, ஆகவே நடுவில் எங்கோ சுழி இருக்கிறது. (கூடவே இன்னொன்றும் தெரிகிறது: நிறைந்த குழாயில் சாய்வு எதிர்க்குறி. அப்பாரு பக்கம் ஏதோ நியாயம் இருக்கிறது!) நடுப்புள்ளியில் குறியைப் பாருங்கள், ஒரு பாதியைத் தூக்கி எறியுங்கள், மறுபடியும் அதையே. பத்து தடவையில் இடைவெளி 1024-ல் ஒரு பங்காகிவிடும்.

வேகமான வழி நியூட்டன்–ராப்சன். புதிய க = பழைய க − (கோவை ÷ கோவையின் வகைக்கெழு). இங்கே கோவையின் வகைக்கெழு 3 − 3 காஸ் க + 5க சைன் க. 5-ல் தொடங்கினால் கோவை 5.9906, வகைக்கெழு −21.8241. வகுத்துக் கழித்தால் 5.2745. அடுத்த சுற்றில் 5.27810. அதற்கடுத்து 5.278107. மூன்றே சுற்று. முதல் தடவை எனக்கு 5-க்கு அடுத்து 9.44 வந்தது. ஒரு குழாய்க்குள் 6.28-க்கு மேல் கோணமே கிடையாதே என்று அரை மணி நேரம் முழித்த பிறகுதான் கால்குலேட்டர் டிகிரியில் இருந்தது தெரிந்தது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடக்கும்.

ரேடியனில் வைத்தாலும் நியூட்டன் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 3.5-ல் தொடங்கிப் பாருங்கள். அங்கே கோவையின் வகைக்கெழு வெறும் −0.33. 26-ஐ அதால் வகுத்தால் அடுத்த மதிப்பு 83-க்குப் பாய்ந்துவிடும். ஆகவே முதலில் நாலைந்து எண்ணைப் போட்டோ வரைபடம் கீறியோ பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் நியூட்டனைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று, இந்த முறை சாய்வு சுழியாகும் இடத்தைத்தான் தேடும், அது பெருமமா சிறுமமா என்று அதற்குக் கவலையில்லை. நம் கணக்கில் குறி + இலிருந்து − ஆக மாறுவதால் பெருமம்.

பெயர் நியூட்டன் பெயராக இருந்தாலும் அவர் 1669-ல் எழுதியது பல்லுறுப்புக் கோவைகளுக்கு மட்டும். ராப்சன் 1690-ல் அதைச் சுருக்கினார். வகைநுண்கணிதத்தோடு சேர்த்து, பெருமம் தேடவும் இதைப் பயன்படுத்தலாம் என்று 1740-ல் எழுதியவர் தாமஸ் சிம்ப்சன். அவர் பெயரை யாரும் இதில் சேர்ப்பதில்லை.

சரி, வகையிடவே முடியாத சார்பு என்றால்? கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிகளில் டெஸ்ட் பெட்டில் மோட்டாரை ஓட்டி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எந்த டிஸ்சார்ஜில் (தண்ணீர் வெளியேறும் அளவில்) எஃபிஷியன்சி (திறன்) அதிகம் என்று பார்ப்பார்கள். அங்கே சூத்திரமே கையில் கிடையாது, உயரங்களை ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் அளந்தால் உச்சி எந்தப் பக்கம் என்று தெரியாது, உள்ளே இரண்டு புள்ளிகள் வேண்டும். சின்னதாக வந்த புள்ளிக்கு வெளிப்பக்கத்தை வெட்டிவிடலாம். அந்த இரண்டையும் 0.618 என்ற பொன் விகிதத்தில் வைத்தால், வெட்டிய பிறகு பழைய புள்ளி ஒன்று சரியான இடத்திலேயே இருக்கும், சுற்றுக்கு ஒரு புது அளவீடு போதும். 1953-ல் கீஃபர் என்பவர் எழுதிய முறை. இதுவும் ஒரே ஒரு உச்சி இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

குழாய்க்கு வருவோம். க = 5.278107 என்றால் தண்ணீரின் ஆழம் விட்டத்தில் 0.938 பங்கு. ஒரு அடிக் குழாயில் பதினொன்றேகால் அங்குலம், மேலே முக்கால் அங்குலம் காலி. அதாவது, கிட்டத்தட்ட ஒரு விரற்கடை! ஓட்டம் 6.7589, நிறைந்த குழாயைவிட 7.6 சதவீதம் அதிகம். அந்த உயரத்தில் பரப்பு 97.4 சதவீதம் வந்துவிடுகிறது, ஆனால் தண்ணீர் உரசும் சுவர் 84 சதவீதம்தான். கடைசி முக்கால் அங்குலம் தண்ணீரைக் கொஞ்சமும் உரசலை நிறையவும் சேர்க்கிறது.

அப்பாருக்கு மானிங் தெரியும் என்று கதை விடமாட்டேன். கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் வேறு: "நெறஞ்சு போனா வாயில செத்தை அடைச்சாக்கூடத் தெரியாது சாமி." தவிர, இட்டேரிக்கு அடியில் இருக்கும் குட்டைக் குழாயில் நுழைவாயில்தான் ஓட்டத்தைத் தீர்மானிக்கும், மானிங் கணக்கு நீளமான, சீராகச் சரிந்த குழாய்க்குத்தான் பொருந்தும். அந்த நீளக் குழாயிலும் யாரும் 0.938-ஐ நம்பி வடிவமைக்க மாட்டார்கள். லேசாக அலை அடித்தால் குழாய் நிறைந்து, அந்தக் கூடுதல் 7.6 சதவீதம் போய்விடும்.

நீங்களே ஒன்று செய்து பார்க்க ஆசைப்பட்டால்: ஓட்டத்தை விட்டுவிட்டு, தண்ணீரின் வேகம் எப்போது அதிகம் என்று தேடுங்கள். சைன் க − க காஸ் க = 0 என்று வரும், அதன் வகைக்கெழு க சைன் க. 4.5-ல் தொடங்கினால் ஒரே சுற்றில் 4.4934, ஆழம் விட்டத்தில் 0.813 பங்கு. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கட்டும்.