ஹட்டரைட் காலனி என்றால் என்ன? அதன் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

யாருக்கும் தனிச்சொத்து இல்லாமல், நிலம், வீடு, வருமானம் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழும் கிறிஸ்தவக் கிராமம்தான் ஹட்டரைட் காலனி. முதல் கிறிஸ்தவர்கள் சகலத்தையும் பொதுவாக அனுபவித்தார்கள் என்று பைபிளில் வருகிறதே, அதுதான் ஆதாரம். ஒரே அடுப்பு, ஒரே கல்லாப்பெட்டி என்று நூறு பேர் வாழும் கூட்டுக்குடும்பம் மாதிரி.

இந்த வாழ்முறை 1528இல், இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில் தொடங்கியது. தலைவர் ஜேக்கப் ஹட்டரை 1536இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகரில் எரித்துக் கொன்றார்கள். அப்புறம் நாடு நாடாக அலைச்சல். 1874இல் ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவின் டகோட்டாவுக்கு வந்தார்கள். முதல் உலகப் போரில் ராணுவ உடை அணிய மறுத்த இரு சகோதரர்கள் சிறையில் வதைபட்டு இறந்தார்கள். படிக்கும்போதே மனம் கனக்கிறது. 1918 முதல் பலரும் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஊருக்குத் தலைவர் போதகர். கணக்கு வழக்குக்கு ஒரு நிர்வாகி, வயலுக்கு ஒரு மேற்பார்வையாளர். ஞானஸ்நானம் பெற்ற ஆண்கள் வாக்களிப்பார்கள். போதகர் விஷயத்தில் மட்டும் வாக்கோடு முடியாது. போதிய வாக்கு வாங்கியவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். கடைசி முடிவு மனிதனுடையது அல்ல, கடவுளுடையது என்பது நம்பிக்கை. நமக்குத் தெரிந்த திருவுளச்சீட்டேதான்!

மக்கள்தொகை 150ஐ நெருங்கினால் காலனி இரண்டாகப் பிரியும். அப்போதும் எல்லாக் குடும்பமும் மூட்டை கட்டி வைத்திருக்க, யார் போவது என்று சீட்டுதான் சொல்லும்.

நவீன வசதிகளைப் பெரும்பாலும் தவிர்த்து வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் இவர்களும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: ஆமிஷ்களுக்குத் தனிச்சொத்து உண்டு, ஹட்டரைட்டுகளோ நவீன டிராக்டரும் கணினியும் வைத்து விவசாயம் செய்பவர்கள்.