தூது போகும் ஆறாம் வகுப்பு

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43. திருச்சியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். திருமணமாகி 14 வருடம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஒரே மகள், ஆறாம் வகுப்பு. போன வருடம் என் தம்பியின் தொழிலுக்காக மனைவியின் 12 பவுன் நகையை அவளிடம் சொல்லாமல் அடகு வைத்தேன். தப்புதான், ஆனால் ஐந்தே மாதத்தில் மீட்டு பீரோவில் வைத்துவிட்டேன். அதிலிருந்து பேச்சு குறைந்துபோய், இப்போது எட்டு மாதமாக நேரடிப் பேச்சே கிடையாது. சண்டையும் கிடையாது, நான் குரலை உயர்த்தியதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகள் மூலமாகச் சொல்லிக்கொள்வோம். அவள் ரொம்ப சமர்த்து. நான் வெடுக்கென்று எதையாவது சொன்னால்கூட அம்மாவிடம் இனிமையாக மாற்றித்தான் சொல்வாள். இப்போது மனைவி தம்பதி கவுன்சலிங் போக வேண்டும் என்கிறாள். அதையும் மகள்தான் வந்து சொன்னாள். வீட்டு விஷயத்தை மூன்றாம் மனிதரிடம் கொட்டுவதா? பெரியவர்களை வைத்துப் பேசினால் தீராதா? நாள் போனால் தானாகச் சரியாகிவிடாதா?
- திருச்சி வாசகர்

பதில்: தம்பி, மூன்றாம் மனிதர் உங்கள் வீட்டுக்குள் நுழைந்து எட்டு மாதம் ஆகிறது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நகை பற்றிச் சொன்னீர்கள், தம்பி பற்றிச் சொன்னீர்கள், குரலை உயர்த்தியதில்லை என்று உங்களுக்கே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொண்டீர்கள். மகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு மூன்று வரி, அதுவும் பெருமையாக. எனக்கு அந்த வரிகளைத் தாண்டிப் போக முடியவில்லை.

நீங்கள் வெடுக்கென்று சொல்வதை அவள் இனிமையாக மாற்றுகிறாளே, அது எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? 'எனக்கு ஒண்ணும் வேணாம்னு உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு' என்று சொல்லிவிட்டு நீங்கள் டிவி பக்கம் திரும்பிவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹாலுக்கும் அடுப்படிக்கும் பத்தடி இருக்குமா? அந்தப் பத்தடிக்குள் அவள் உங்கள் முகத்தைப் படித்து, அம்மா இன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறாள் என்று கணக்குப் போட்டு, எதை விடுவது எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்து, 'அப்பா கடையிலேயே சாப்பிட்டுட்டாராம்மா' என்று ஒரு பொய்யைத் தயார் செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அப்புறம் அங்கிருந்து ஒரு பதில், அதையும் ஆறவைத்து உங்களிடம். ஒரு நாளைக்கு எத்தனை நடை? இந்த வேலைக்குப் பெரியவர்கள் வருடக்கணக்காகப் படித்துவிட்டு வந்து ஃபீஸ் வாங்குகிறார்கள். உங்கள் மகள் வீட்டுப்பாடத்துக்கு நடுவில் சும்மா செய்கிறாள், நீங்கள் அதற்குச் சமர்த்து என்று பேர் வைத்திருக்கிறீர்கள். என்றைக்காவது உங்கள் இருவருக்கும் வெடித்தால், 'நான்தான் சரியாச் சொல்லலையோ' என்றுதான் அந்தக் குழந்தை நினைக்கும்.

இதை எந்தப் புத்தகத்திலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. நானும் தூது போன பெண்தான். அப்பா திண்ணையில், அம்மா கொல்லையில், நடுவில் நான். அப்பா 'காபி' என்று ஒரே வார்த்தைதான் சொல்வார். 'அப்பாவுக்குத் தலை வலிக்குதாம்மா, கொஞ்சம் காபி போட்டுத் தருவியாம்' என்று நான் கொண்டுபோவேன். அவருக்கு ஒரு நாளும் தலை வலித்ததில்லை. எனக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னமும் இரண்டு பேர் ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் என் வயிறு பிசையும், எழுந்து எதையாவது பேசி நிரப்பப் பார்ப்பேன். சரி, என் கதை போகட்டும்.

முர்ரே போவன் என்று ஒரு அமெரிக்க மனநல மருத்துவர். 1950-களில் முழுக் குடும்பங்களையே மருத்துவமனையில் தங்கவைத்து ஆராய்ந்தவர். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் தாங்க முடியாமல் போனால் மூன்றாவதாக ஒருவரை உள்ளே இழுத்துப் பாரத்தை அவர்மேல் இறக்கிவிடுவார்கள் என்றார், அதற்கு முக்கோணம் என்று பெயர் வைத்தார். இறக்கியவர்களுக்கு லேசாகிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. எட்டு மாதம் பேசாமல் ஒரு வீட்டை ஓட்ட முடிந்ததே அவள் இருந்ததால்தான். மகளுக்கு ஒரு வாரம் காய்ச்சல் என்று வையுங்கள், உங்கள் வீட்டில் மளிகைக்குக்கூட யார் யாரிடம் சொல்வீர்கள்?

அடுத்து அந்தச் சான்றிதழ். குரலை உயர்த்தவில்லை, சண்டையே இல்லை என்கிறீர்கள். ஜான் காட்மேன் என்ற உளவியலாளர் இன்னொருவரோடு சேர்ந்து 1986-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, உடம்பில் கருவிகளைப் பொருத்தி, அவர்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பேசச் சொல்லிக் கவனித்தார்கள். கல்யாணத்தை அரிக்கிற நான்கு பழக்கங்கள் என்று காட்மேன் சொல்வது: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், தன் தப்பை ஏற்காமல் சமாளிப்பது, சுவர் மாதிரி மூடிக்கொள்வது. நான்காவதில் நீங்கள் நிற்கிறீர்கள். அப்படி மூடிக்கொள்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள் என்றும் கண்டார். வெளியே அமைதியாகத் தெரிவார்கள், உள்ளே இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டியிருக்கும், எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. அதற்கு அவர் சொல்லும் வைத்தியம் எளிது. 'இப்போ என்னால முடியல, கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுவோம்' என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், குறைந்தது இருபது நிமிடமாவது ஆறவிட்டு, திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதுதான் முக்கியம். உங்களுடைய இருபது நிமிடம் எட்டு மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரியவர்களை வைத்துப் பேசலாமே என்கிறீர்கள். எந்தப் பெரியவர்? உங்கள் அம்மாவா, அவருடைய இன்னொரு மகனுக்காகத்தானே நகை போனது? மாமனாரா, அந்த நகையைப் போட்டு அனுப்பியவர்? பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். சொத்துத் தகராறு, வரவு செலவு, யார் எந்த வீட்டில் இருப்பது, இதற்கெல்லாம் அவர்கள் வேண்டும். ஆனால் பஞ்சாயத்து என்றால் கடைசியில் ஒருவர் தப்பு என்று தீர்ப்பு வர வேண்டும். கவுன்சலிங் அறையில் தீர்ப்பு கிடையாது, அதைத்தான் நம் ஆட்கள் புரிந்துகொள்வதில்லை. இவர் பேசாமல் ஒதுங்க, அவர் துருவித் துருவிக் கேட்க, கேட்கக் கேட்க இவர் இன்னும் ஒதுங்க, ஒரு கட்டத்தில் அவரும் சலித்துப்போய் வாயை மூடிக்கொள்ள, இந்தச் சுழல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பதைத்தான் அங்கே பிரித்துப் பார்ப்பார்கள்.

பொதுவாக முதல் நாள் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பார்கள், பிறகு தனித்தனியாக ஒரு முறை கேட்பார்கள், அப்புறம் மீண்டும் சேர்த்து, ஒரு தடவைக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஒரு பயிற்சி உண்டு, கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். மனைவி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் பதில் சொல்லக் கூடாது, 'நீ சொன்னது இதுதானே?' என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் 'ஆமாம்' என்ற பிறகுதான் உங்கள் முறை. 'நகைதான் வந்துடுச்சே' என்று நீங்கள் பாய முடியாது. ஏனென்றால் அவர் பவுனைப் பற்றியே பேச மாட்டார் என்று நினைக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் வரும். அது உங்கள் காதுக்குள் போய், அவர் 'ஆமாம், அதான்' என்று சொல்வதற்கு நான்கு வாரம்கூட ஆகலாம். இன்னொன்றும் கேட்கிறேன். மீட்ட நகையை பீரோவில் வைத்தேன் என்கிறீர்கள். ஏன் அவர் கையில் கொடுக்கவில்லை? கொடுத்திருந்தால் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும், இல்லையா?

உங்கள் மனைவியையும் நான் விடப்போவதில்லை, இதைப் படிப்பார் என்றே எழுதுகிறேன். அம்மா, கோபம் நியாயம். ஆனால் கவுன்சலிங் போகலாம் என்பதைக்கூட பிள்ளையிடமா சொல்லி அனுப்புவது? வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யாருக்கு என்ன என்று கண்டுபிடிக்கிறவர் நீங்கள்.

இதெல்லாம் நமக்குப் பழக்கமில்லாதது என்று சொல்லாதீர்கள். வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவது அரை நூற்றாண்டுக்கு மேலான வழக்கம். பெங்களூரில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நாளைக்கே கோபத்தில் விவாகரத்து என்று போனாலும், சமரசத்துக்கு முயன்று பார்க்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் சொல்கிறது, அங்கேயும் ஒரு கவுன்சிலர் முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கும். அந்த நாற்காலியில் வக்கீலோடு போய் உட்காருவதைவிட இப்போதே போய் உட்காரலாம்.

போகும் இடத்தை விசாரித்துப் போங்கள். கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டுகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு இருக்கிறதா, தம்பதிகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள், கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நாளே யார் தப்பு என்று சொல்கிறவரும், ஜாதகம் கொண்டுவரச் சொல்கிறவரும் வேண்டாம். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14416, டெலி மனஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. (அடி, மிரட்டல் இருக்கிற வீடுகளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அங்கே இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்வது ஆபத்து, வீட்டுக்குத் திரும்பியதும் அதற்கும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பெண்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.)

போனால் கட்டாயம் சேர்ந்துவிடுவீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். குழந்தை இருக்கிற வீட்டில் கடைசிவரை முயன்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள் நான், ஆனால் இப்போது நீங்கள் நடத்துவதை முயற்சி என்று சொல்ல மாட்டேன். பிரிவதென்றால்கூட அதை நேரில் சொல்லுங்கள். அந்தச் செய்தியையும் அவள் தூக்கிக்கொண்டு பத்தடி நடக்கக் கூடாது.

இன்று ராத்திரி குழம்பில் உப்பு குறைந்தால் நீங்களே எழுந்து போய்ச் சொல்லுங்கள். மகள் வழக்கம்போல எழுந்திருப்பாள், 'நீ உட்காரு, நான் சொல்லிக்கிறேன்' என்று சொல்லுங்கள். கவுன்சலிங்குக்கு வருகிறேன் என்பதையும் அப்படியே மனைவியிடம் நேரில். போகிற அன்றைக்குக் கடையை இரண்டு மணி நேரம் பையனிடம் விட்டுவிட்டு, மகளை அவளுடைய சிநேகிதி வீட்டில் விளையாட விட்டுவிட்டுப் போங்கள். கூட்டிக்கொண்டு போய் வெளியே வராந்தாவில் உட்காரவைக்காதீர்கள். கதவு சாத்தியிருந்தாலும் அவள் உள்ளே என்ன பேசுகிறீர்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாள்.