ஹட்டன் தம்பிக்கு: ஆறு பற்றரி வாங்கலாமா?

கல்யாண வீடியோ எடுக்கும் ட்ரோன் மாடல் வரிசையைக் கம்பனி தொடருமா நிறுத்துமா என்று சொல்லவில்லை, ஆறு பற்றரி வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆறு வேண்டாம் தம்பி, இரண்டு போதும். லித்தியம் பற்றரி அலுமாரியில் சும்மா கிடந்தாலும் வயதாகும். வைப்பதானால் முழுச் சார்ஜில் வைக்காதீர்கள், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். மிச்சக் காசுக்கு இறகும் கிம்பல் (கமரா ஆடாமல் பிடிக்கும் பகுதி) கேபிளும் வாங்குங்கள்.

எனக்கும் ஒரு கம்பனி எட்டு மாதமாக "விரைவில் அறிவிப்போம்" என்றே பதில் போட்டது. அறிவிப்பு வரவில்லை, கடையில் சாமான்தான் இல்லாமல் போனது. அதனால் அவர்கள் பேச்சை விட்டுவிட்டு, கொழும்புக் கடைகளுக்கு உதிரிப்பாகம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், கம்பனி கைவிட்டாலும் ட்ரோனை இயக்க, இப்போதுள்ள ட்ரோன் ஆப்பை ஒரு பழைய போனில் அப்டேட் ஆகாமல் வைத்திருங்கள்.

நுவரெலியாப் பக்கம் (1,868 மீட்டர் உயரம்) பறக்கவிட்டபோதுதான் பற்றரி சீக்கிரம் இறங்கியது என்றீர்களே, அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். குளிரில் அப்படித்தான் இறங்கும், மெல்லிய காற்றில் மோட்டாருக்கும் வேலை கூட. ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்கி ஒருமுறை பறக்கவிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.