கெம்பஸ் கிடைத்துவிட்டது, தூக்கம் போய்விட்டது

மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதற்கு நான் எழுதிய பதில் இது. இதே கேள்விகளை வேறு பெற்றோரும் கேட்பதால், அவருடைய பெயரை எடுத்துவிட்டு இங்கே தருகிறேன்.

தங்கச்சி,

உங்கள் குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். "சேர், பிள்ளைக்குப் பேராதனை மருத்துவ பீடம் கெடச்சிருச்சு. தோட்டமே வந்து பாத்துட்டுப் போகுது. எனக்குத்தான் ராத்திரியில தூக்கம் வரல" என்று தொடங்கியிருந்தீர்கள். இங்கிலீசு வராதே, ஃபெயிலானால் வெளியே போட்டுவிடுவார்களா, பகிடிவதை, செலவு என்று நான்கு பயங்களைச் சொன்னீர்கள். ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அதைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "கோட்டாவுலதானே வந்தா, அங்க தாக்குப் பிடிப்பாளா?" முதலில் அதை முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

மருத்துவ பீடத்துக்கு வரும் இடங்களில் 40 வீதத்தை முழு நாட்டுக்கும் பொதுவான திறமை வரிசையில் கொடுக்கிறார்கள். 55 வீதத்தை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்றபடி பிரிக்கிறார்கள். மிச்சம் 5 வீதம், கல்வி வசதி குறைந்தவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. உங்கள் நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் உண்டு, கண்டி இல்லை. அந்த 55 வீதம் கொழும்புக்கும் சேர்த்துத்தான். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மாவட்டக் கணக்கில் உள்ளே வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் கோட்டாப் பிள்ளை என்று கூப்பிடுவதில்லை.

இன்னொன்று. கெம்பஸுக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் நாடு முழுக்க எழுதியவர்களின் சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறாள் என்ற கணக்கு. பௌதிகவியலுக்கு ஒழுங்காக ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு, ஹட்டனுக்கு பஸ் ஏறி டியூஷன் போய், அவள் எடுத்த புள்ளி அது. நான் முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு அவள் வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். உள்ளே போனபின் எந்த வினாத்தாளிலும் மாவட்டத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.

இனி, படிப்பு எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

பேராதனை மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. கொழும்புக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம். எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம். முதலில் உடற்கூறு, உடற்றொழில், உயிர் இரசாயனம். பிறகு நோய்க்கூறியல், நுண்ணுயிரியல், மருந்தியல், சட்ட மருத்துவம், சமுதாய மருத்துவம். அதற்கப்புறம் மருத்துவம், சத்திரசிகிச்சை, பிரசவ மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநோய் மருத்துவம் என்று பெரும்பாலும் வார்ட்டில்தான் இருப்பாள். பேராதனைப் போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை இரண்டிலும் அவளைப் பார்க்கலாம். பட்டம் கிடைத்த கையோடு நிரந்தர வேலை வந்துவிடாது. இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவோடு ஒரு வருட உள்ளகப் பயிற்சி இருக்கிறது. அது சம்பளத்தோடுதான். ஆனால் இறுதிப் பரீட்சை முடிந்து அந்த நியமனம் வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். "அஞ்சு வருசத்துல டாக்டர்" என்று தோட்டத்தில் கணக்குப் போடுகிறவர்களிடம் ஏழு என்று சொல்லிவையுங்கள். அப்போதுதான் இடையில் கேள்வி கேட்டு அவளைக் குடைய மாட்டார்கள்.

இங்கிலீசு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். விரிவுரை, புத்தகம், வினாத்தாள், வாய்மொழிப் பரீட்சை எல்லாமே இங்கிலீசில். ஆனால் சிங்களத்தில் படித்து வந்த பிள்ளைக்கும் இதே நிலைமைதான். அப்புறம், உடற்கூற்றில் வரும் சொற்களில் பாதிக்கு மேல் லத்தீனும் கிரேக்கமும். சிறுநீரகத்துக்கு ஓரிடத்தில் 'ரீனல்' என்பார்கள், இன்னோரிடத்தில் 'நெஃப்ரோ' என்பார்கள். முதலாவது லத்தீன், மற்றது கிரேக்கம். கொழும்பில் இங்கிலீசு பேசி வளர்ந்த பிள்ளையும் அதை மனப்பாடம்தான் பண்ண வேண்டும். நம் பிள்ளைகள் அடிவாங்குவது சொல் தெரியாததால் இல்லை, வாய் திறக்காததால். விளங்காவிட்டால் தலையை ஆட்டிவிட்டு வந்து, ராத்திரியில் விடுதிக் கட்டிலில் அழுவார்கள். ஐம்பது பேருக்கு முன்னால் பிழையான இங்கிலீசில் ஒரு கேள்வி கேட்கும் துணிச்சல் அவளுக்கு முதல் மாதத்திலேயே வரவேண்டும். வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

அதற்குக் கெம்பஸிலேயே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 'குப்பி' என்பார்கள். விளங்கின பிள்ளை ஒன்று விளங்காத பிள்ளைகளை விடுதியிலோ மரத்தடியிலோ இருத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பது. சீனியர்களும் செய்வார்கள், அதே பெட்ச் பிள்ளைகளும் செய்வார்கள். காசு இல்லை. தமிழில் ஒரு குப்பி, சிங்களத்தில் ஒரு குப்பி என்று இரண்டுக்கும் போகச் சொல்லுங்கள்.

சிங்களம் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் இங்கிலீசைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள், நான் அதைவிடச் சிங்களத்தைப் பற்றித்தான் கவலைப்படுவேன். வார்ட்டில் கிடக்கும் நோயாளியிடம் "கொஹேத ரிதென்னே?" (எங்கே வலிக்கிறது?) என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை விளங்கி, அதை இங்கிலீசில் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். பரீட்சையிலும் உண்மையான நோயாளிதான். ஹட்டன் கடைத்தெருச் சிங்களம் அதற்குப் போதாது. கெம்பஸ் தொடங்குவதற்குள் பக்கத்தில் யாராவது ஆசிரியரிடம் பேசிப் பழகட்டும். மறுபக்கம், அவளிடம் மட்டும் இருக்கிற ஒன்றையும் சொல்லிவையுங்கள். நம் பக்கத்து ஆட்கள் கண்டிக்கும் பேராதனைக்கும்தான் மேல்சிகிச்சைக்கு டிக்கட் வெட்டி அனுப்பப்படுகிறார்கள். "நெஞ்சு கரிக்குது", "கிறுகிறுன்னு வருது", "கை காலெல்லாம் ஒளையுது" என்று ஒரு கிழவி சொன்னால் அந்த வார்ட்டில் எத்தனை பேருக்கு அது விளங்கும்? உங்கள் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள்.

ஃபெயிலானால் என்ன? உடனே வெளியே போட மாட்டார்கள். திரும்ப எழுத விடுவார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. திரும்ப எழுதித் தேறினால், எத்தனை புள்ளி எடுத்தாலும் பொதுவாகச் சித்திப் புள்ளி மட்டும்தான் கணக்கில் வரும். வகுப்புச் சித்தியை முதல் தடவையில் தேறியவர்களுக்கே கொடுப்பார்கள். கடைசியில் எல்லா அரச மருத்துவ பீடத்துப் பிள்ளைகளையும் ஒரே திறமைப் பட்டியலில் போட்டு, அந்த வரிசைப்படிதான் உள்ளகப் பயிற்சி வைத்தியசாலையைத் தெரிவு செய்ய விடுகிறார்கள். முதல் தடவையில் தேறினவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். ஆகவே ஒரு பரீட்சை சறுக்கினால் வானம் இடிந்து விழாது. சறுக்கினதை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்து, அடுத்ததிலும் சறுக்குவதுதான் ஆபத்து. அவள் உங்களிடம் சொல்லக்கூடிய மாதிரி நீங்கள் இருக்க வேண்டும், தங்கச்சி. இது கொஞ்சம் கடுமையாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன்: "அவ படிப்புக்குத்தான் நான் கொழுந்து பறிக்கிறேன்" என்று குரல் பதிவில் மூன்று தரம் சொன்னீர்கள். அதை அவளிடம் சொல்லாதீர்கள். அவளுக்கு அது தெரியும்.

விதிகளைப் பற்றி ஒரு கதை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தான். எது என்று சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் காய்ச்சல். வீட்டுக்கு வந்து தோட்ட டிஸ்பென்சரியில் மருந்தெடுத்துக்கொண்டு படுத்துவிட்டான். மூன்று வாரம் கழித்து அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஏற்கவில்லை. எழுதாத பரீட்சை, தோற்ற பரீட்சையாகப் பதிவாகிவிட்டது. விதிப் புத்தகத்தில் எல்லாம் எழுதியிருந்தது: குறித்த நாட்களுக்குள், பல்கலைக்கழக வைத்திய அதிகாரி மூலமாக, முறையான மருத்துவச் சான்றிதழ். அவனும் புத்தகத்தைப் புரட்டவில்லை, அவனை அனுப்பின நானும் சொல்லிவிடவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இன்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே முதல் வாரத்தில் கொடுக்கும் மாணவர் கைந்நூலை அவள் ஒரு பாடப்புத்தகம் மாதிரி வாசிக்க வேண்டும். வரவு எத்தனை வீதம் வேண்டும் (80 வீதம் என்பது நம் பல்கலைக்கழகங்களில் வழக்கமான அளவு), வார்ட் வரவுக்கு யார் கையெழுத்து வைக்க வேண்டும், சுகமில்லாவிட்டால் எங்கே அறிவிக்க வேண்டும், பெறுபேற்றை மீளப் பார்க்கச் சொல்ல எத்தனை நாள் தவணை. இவற்றை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டட்டும். சாவு, கலியாணம், திருவிழா என்று நீங்களும் அவளை அடிக்கடி வரச் சொல்லாதீர்கள். வெள்ளி பின்னேரம் பேராதனையில் ஹட்டன் பஸ் ஏறினால், மஸ்கெலியாவுக்கு வந்துசேர இருட்டிவிடும். ஞாயிறு திரும்பவும் அதே அலைச்சல். மாதத்துக்கு ஒரு தரம் போதும்.

பகிடிவதை குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி இரண்டு வருடம்வரை சிறை. பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருடம்வரை. சட்டம் இருப்பதால் அது இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. ஏதாவது நடந்தால் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். விடுதிப் பொறுப்பாளர், மாணவ ஆலோசகர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று முறையிட இடங்கள் இருக்கின்றன. "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

செலவு: படிப்புக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, பஸ், விடுதிக்குக் கொஞ்சம், வெள்ளைக் கோட், ஸ்டெதஸ்கோப். மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அது கிடைக்காவிட்டால் பல்கலைக்கழக உதவித்தொகை இருக்கிறது. இரண்டுக்கும் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும். சம்பளத் துண்டு, கிராம சேவகர் உறுதிப்படுத்திய கடிதம், தம்பி படிக்கும் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். தவணைப் பணம் சில நேரம் பிந்தி வரும், ஆகவே முதல் மூன்று மாதத்துக்குக் கையில் காசு வேண்டும். அதற்காகச் சேமலாப நிதியைத் தொடவோ வட்டிக்கு வாங்கவோ வேண்டாம். முதலில் என்னோடு பேசுங்கள். தடித்த புத்தகம் ஒன்றும் வாங்காதீர்கள். நூலகத்தில் இருக்கிறது, சீனியர்களிடமும் இருக்கிறது.

கடைசியில் மகனைப் பற்றிக் கேட்டீர்கள். சாதாரண தரம் முடிந்ததும் அவனைக் கண்டிப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குப் போடச் சொல்லி மாமா சொல்கிறாராம். மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் எந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளையைக் கணக்கெடுப்பது என்பதை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்பதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். இடையில் மாறினால் அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. கண்டிப் பிள்ளையாகிவிட்டால் கண்டி வெட்டுப்புள்ளியோடு, அதாவது அந்த மாவட்டத்தில் எடுபடத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளியோடு, மல்லுக்கட்ட வேண்டும். நல்ல ஆசிரியர் கிடைப்பது ஒரு பக்கம், மாவட்டம் கைவிட்டுப் போவது மறுபக்கம். மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூல் தமிழிலும் வருகிறது. அந்தப் பகுதியை மாமாவையும் வைத்துக்கொண்டு வாசித்துவிட்டு முடிவெடுப்போம். அதற்கு முன்னால் ஒன்று: அவனுக்கு உயிரியல் பிடிக்குமா என்று யாராவது கேட்டீர்களா? அக்கா டாக்டர் என்பதற்காகத் தம்பியும் ஆக வேண்டும் என்றில்லை. போன தடவை வந்தபோது என் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போனான், இன்னும் பாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வாருங்கள். நீங்களும் வரவேண்டும், அவளை மட்டும் அனுப்பாதீர்கள். என் பழைய மாணவி ஒருத்தி இப்போது இறுதி வருடத்தில் இருக்கிறாள்; அன்றைக்கு வீட்டுக்கு வருகிறாள். உடற்கூறு படிக்கிற எலும்புப் பெட்டி ஒன்று அவளிடம் இருக்கிறது. அவளுக்கு முந்தின சீனியர் கொடுத்தது. இனி உங்கள் பிள்ளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு நல்ல துணிப்பை கொண்டு வாருங்கள், பஸ்ஸில் ஆட்கள் பார்த்துப் பயப்படக் கூடாது.