காவிரிப் படுகை மண்: விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

காவிரி, கொள்ளிடக் கரையோர நிலங்களை, அதாவது படுகை நிலங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். நிலம் எங்கே இருக்கிறது என்பதை எல்லோரும் குறிப்பிட்டிருந்ததால் பதில் சொல்ல வசதியாக இருந்தது.

லால்குடியிலிருந்து: ஐயா, கொள்ளிடக் கரை ஓரம் 2 ஏக்கர் விலைக்கு வருகிறது. படுகை நிலம், தண்ணீர் நிற்காது, வாழைக்கு ராசியான மண் என்கிறார்கள். மேல்மண் பொலபொலவென்றுதான் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

மேல்மண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆற்று மண் ஒரே நாளில் வந்து சேர்ந்ததில்லை. ஒவ்வொரு வெள்ளமும் தன் வேகத்துக்கு ஏற்றபடி ஒரு அடுக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். வேகமாக வந்த வெள்ளம் மணலைப் போட்டிருக்கும். தேங்கி நின்ற வெள்ளம் களியைப் படிய வைத்திருக்கும். ஆகவே மேலே 1 அடி, மணலும் களியும் அளவாகக் கலந்த அருமையான இருமண்ணாக இருந்து, 2 அடிக்குக் கீழே ஒரு சாண் கனத்துக்குக் களி ஓடலாம். அப்படி இருந்தால் பாய்ச்சுகிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் அந்தக் களியின் மேல் தேங்கும். மேலே காய்ந்து தெரியும், வேர் மட்டும் சேற்றில் இருக்கும்.

உரிமையாளரிடம் கேட்டு, மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று 1 மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். குழியின் சுவரைக் கத்தியால் சுரண்டி நிறத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் நல்ல வடிகால் உள்ள மண். சாம்பல் நிற மண்ணுக்கு நடுவே துருப்பிடித்தது போல ஆரஞ்சுப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால், வருடத்தில் சில காலமாவது அந்த ஆழம்வரை தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். கோடையில் போய்ப் பார்த்தாலும் இந்த அடையாளம் மறையாது. அதனால் விற்பவர் வாய்ச்சொல்லைவிட இதை நம்பலாம்.

பலர் கவனிக்காமல் விடுகிற இன்னொன்று, நடுவில் ஓடும் மணல் அடுக்கு. மணல் என்றால் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும் என்றுதான் நினைப்போம். ஆனால் நுண்ணிய மண்ணுக்குக் கீழே பருமணல் இருந்தால், மேலே உள்ள மண் ஏறக்குறைய முழுக்க நனைந்த பிறகுதான் தண்ணீர் மணலுக்குள் இறங்கும். கோடையில் அடியில் இருக்கிற ஈரம் மேலே ஏறி வருவதையும் அதே மணல் தடுத்துவிடும். வேரும் அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, வேறொரு இடத்தில் 1 அடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். 1 முதல் 3 அங்குலம் இறங்கினால் வாழை, காய்கறி, மஞ்சள் எல்லாம் தைரியமாகப் போடலாம். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அதற்குப் படுகை நிலம் என்று விலை கொடுக்காதீர்கள்.

திருவாரூரிலிருந்து: எங்கள் நிலமும் காவிரி கொண்டுவந்த வண்டல்தானே? இங்கே ஏன் ஒரு மழைக்கே தண்ணீர் நின்றுவிடுகிறது?

ஆறு ஒன்றுதான், ஆனால் அது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றைப் போடும். கரையைத் தாண்டியதும் வெள்ளத்தின் வேகம் குறையும். கனமான மணலும் நொய்மணலும் கரையோரமே விழுந்துவிடும். நுண்ணிய களி மட்டும் தூரம்வரை மிதந்து போய், தாழ்வான இடத்தில் மெதுவாகப் படியும். அதனால்தான் கரையோரம் சற்று மேடாகவும் உள்ளே போகப் போகப் பள்ளமாகவும் இருக்கிறது. மண் ஆய்வாளர்களும் கரையோர மண்ணைப் படுகை வரிசை என்றும், டெல்டாவின் கனத்த களியைக் களத்தூர் வரிசை என்றும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மண்ணைக் குறைவாக நினைக்க வேண்டாம். சேற்று நெல்லுக்கு அதுதான் சரியான மண். அங்கே வாழை போட்டே ஆக வேண்டும் என்றால் மேட்டுப்பாத்தியும் ஆழமான வடிகாலும் இல்லாமல் தொடாதீர்கள்.

தொட்டியத்திலிருந்து: படுகையில் பூவன் வாழை. பக்கத்து ஊரில் வாரம் ஒரு தண்ணீர் போதும் என்கிறார்கள், எங்களுக்கு ஐந்தாம் நாளே இலை தொங்குகிறது. என்ன காரணம்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மணல் கலந்த இருமண் 1 மீட்டர் ஆழத்தில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக ஏறத்தாழ 120 மி.மீ. பிடித்து வைக்கும். வாழையின் வேரில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள்ளேயே இருப்பதால், உண்மையில் கைக்கு வருவது 54 மி.மீ. அதிலும் பாதி தீர்ந்ததுமே மறுபடி பாய்ச்சியாக வேண்டும், அதாவது 27 மி.மீ. நல்ல வெயில் காலத்தில் வாழைத் தோப்பு ஒரு நாளைக்கு 6, 7 மி.மீ. குடிக்கும். ஆக, நான்கு நாளைக்கு ஒரு தண்ணீர். பக்கத்து ஊர் மண்ணில் களி கூடுதலாக இருந்தால் 180 மி.மீ. வரை பிடிக்கும், அவர்களுக்கு ஆறு நாள் தாங்கும். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் மண்ணுக்குச் சரிதான்.

ஐந்தாம் நாள் வாடுகிறதே என்று ஒரேயடியாக நிறைய பாய்ச்சாதீர்கள். மண் பிடிக்கிற அளவுக்கு மேல் விடுகிற தண்ணீர் அடியில் போய்விடும், உரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சமாக, அடிக்கடி என்பதுதான் இந்த மண்ணின் முறை. சொட்டுநீர் போட்டதற்கு முழுப் பலன் தெரிவதும் இந்த மாதிரி மண்ணில்தான்.

முசிறியிலிருந்து: யூரியா போட்டுப் பத்து நாள் பச்சையாக இருக்கிறது, அப்புறம் வெளுத்துவிடுகிறது. ஆற்று வண்டலில் சத்து இருக்காதா?

சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், பொதுவாக ஓரளவு இருக்கும். தழைச்சத்தான நைட்ரஜனும் மக்கிய பொருளும் குறைவுதான். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறிய பிறகு தண்ணீரோடு சுலபமாக இறங்கிவிடும். தண்ணீர் வேகமாக வடியும் மண்ணில் அந்த இழப்பு இன்னும் அதிகம். மொத்தத்தையும் ஒரே தவணையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள். வாழைக்கு 3, 5, 7-ஆம் மாதங்களில் கொடுப்பது வழக்கம். உங்கள் மண்ணுக்கு அதையும் இரண்டாகப் பிரித்தால் நல்லது. போட்ட மறுநாளே மடை நிறைய தண்ணீர் விடாதீர்கள்.

அப்புறம், 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. தாத்தா காலத்தில் வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்து போட்டது போல இன்று நடப்பதில்லை. அந்தக் குறையைத் தொழுவுரமும், பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டும் சணப்பும்தான் ஈடுகட்ட வேண்டும். தக்கைப்பூண்டைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். ஏரி வண்டல் கிடைத்தால் மணல் அதிகமுள்ள பகுதிக்கு அடிக்கலாம், நீரையும் சத்தையும் பிடிக்கும். ஆனால் அதைப் பரிசோதித்து, உப்பு இல்லை என்று தெரிந்த பிறகு அடியுங்கள்.

குளித்தலையிலிருந்து: மழையே இல்லை. ஆனால் ஆற்றில் வெள்ளம் போகும்போது எங்கள் கொல்லையில் ஊற்றெடுக்கிறது. நன்றாக வடியும் மண் என்றார்களே?

மண் வடிக்கும், அந்தத் தண்ணீர் போவதற்கு இடம் வேண்டுமே! ஆற்று மட்டம் உயர்ந்தால் கரையோர நிலத்தடி நீரும் சேர்ந்து ஏறும். மணற்பாங்கான மண்ணில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஆற்றில் தண்ணீர் குறையும்வரை இறைத்தும் பெரிய பயன் இல்லை, இறைக்க இறைக்க வந்துகொண்டே இருக்கும். முன்கூட்டியே செய்யக்கூடியது இரண்டு. வாழைக் கட்டையைத் தாழ்வாக நடாமல் மேடு அமைத்து நடுவது ஒன்று. வெள்ளம் இறங்கியதும் தண்ணீர் உடனே வெளியேற 2 அடி ஆழ வடிகாலைத் தூர்வாரித் தயாராக வைப்பது இன்னொன்று. வேர் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் மூச்சு முட்டி அழுகத் தொடங்கும்.

திருவையாற்றிலிருந்து: பத்து வருடம் முன்பு தண்ணீர் நிற்காத நிலம், இப்போது பாத்தியில் தேங்குகிறது. மண் மாறிவிட்டதா அண்ணே?

மண் மாறவில்லை தம்பி, இறுகிவிட்டது. ஒவ்வொரு போகத்துக்கும் ரோட்டவேட்டரை ஒரே ஆழத்தில் ஓட்டினால், அரையடிக்குக் கீழே ஒரு கெட்டித் தளம் உருவாகும். ஈர மண்ணில் டிராக்டர் இறங்கினால் இன்னும் மோசம். ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கி, ஓரிடத்தில் முட்டி, அதைத் தாண்டியதும் மறுபடி இறங்கினால் அதுதான். கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பை ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தளம் உடையாது, கோடு மட்டும் விழும்.

அதே ஊரிலிருந்து ஒரு அம்மா: படுகையில் நெல் போடலாமா?

போடலாம் அம்மா, ஆனால் தண்ணீர் நிறைய இழுக்கும். வரப்பைப் பூசி, நன்றாகச் சேறடித்து, ஒருமுறை காயவிட்டு மறுபடி பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். வாய்க்காலில் முறைவைத்து வரும் தண்ணீரை மட்டும் நம்பி இருந்தால் உளுந்தோ எள்ளோ போடுவது நிம்மதி.

மணிகண்டம் பக்கத்திலிருந்து: ஆற்று மண் ஐந்து வண்டி அடித்திருக்கிறேன். போர் தண்ணீர் சவர். மண் வடிந்துவிடும், உப்பு தங்காது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. வெறும் உவராக இருந்தால், நன்றாக வடியும் மண்ணில் மழையும் ஆற்றுத் தண்ணீரும் அதைக் கழுவி இறக்கிவிடும். உங்கள் பக்கம் பிரச்சினை பெரும்பாலும் சோடியம், அதாவது களர். அது மண் துகள்களைப் பிரித்துத் துளைகளை அடைத்துவிடும். வடிந்துகொண்டிருந்த மண்ணே வடியாமல் போய்விடும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, எஞ்சிய சோடியம் கார்பனேட் அளவைக் கேளுங்கள். லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்டுக்குக் கீழே என்றால் பயமில்லை. 2.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை அப்படியே விடக் கூடாது, ஜிப்சம் போட வேண்டும். எவ்வளவு போடுவது என்பதைச் சோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், முடிவு வந்ததும் எழுதுங்கள். அதுவரை மேலும் வண்டி மண் அடித்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.