தட்டு நம்பரையும் சேர்த்துப் போடுங்க

(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பங்கு பிரிக்கிறதுக்காக ஐயா வீட்டைத் தொறந்தப்ப உள்ள ஒரு டிரங்குப் பெட்டி நெறைய கிராமபோன் தட்டு இருந்துச்சு. பழைய சாமான் வாங்குறவரு மொத்தமா ஒரு வெலை சொல்றாரு. குடுத்துரலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: கொஞ்சம் பொறுங்கண்ணே. பழம்பொருள் கடைங்க இருக்க காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருச்சுன்னா அப்புறம் அது எந்த ஊர் வரவேற்பறைக்குப் போச்சுன்னு தேடவே முடியாது. மொதல்ல ஒவ்வொரு தட்டையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, கம்பெனி பேரு, பாடுனவங்க பேரு, லேபிள்ல இருக்க நம்பர், அப்புறம் லேபிளுக்கு வெளிய அந்தக் கறுப்புப் பகுதியிலயே பொறிச்ச மாதிரி இன்னொரு நம்பர் இருக்கும், டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாத்து அதையும் எழுதிக்கோங்க, இந்தப் பாட்டை இவங்க எப்பப் பாடுனாங்கன்னு பின்னாடி ஒருத்தர் தேடணும்னா அதுதான் நூல் முனை. ஸ்பிரிட்டோ சானிடைசரோ போட்டுத் தொடச்சிராதீங்க, அது அரக்குல செஞ்சது, ஆல்கஹால் பட்டா கரையும். படுக்க வச்சு அடுக்காம நிக்க வைங்க. இப்ப விக்கிற எல்பி பிளேயர்ல அப்படியே போடவும் வேணாம், 78 தட்டுக்கு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற இந்தப் பழைய தட்டு) கிட்டத்தட்ட மூணு மடங்கு அகலமான ஊசி வேணும், கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்குப் போறதுக்கு முந்தி காரைக்குடில அவங்க குடும்பக் கடையில ரிக்கார்டு வித்தவரு, அப்புறந்தான் மெட்ராஸ் போயி சரஸ்வதி ஸ்டோர்ஸ் வச்சு ஓடியன் லேபிள்ல தட்டே போட்டாரு. உங்க பெட்டியில ஓடியன் இருந்தா அதுலேர்ந்து ஆரம்பிங்க.

கேள்வி: யூடியூப்ல 'ரேர் ஓல்டு சாங்'னு மட்டும் தலைப்புப் போட்டு ஒரு பாட்டு கேட்டேன், மனசுல ஒட்டிக்கிருச்சு. யாரு பாடுனதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: அந்த மாதிரித் தலைப்பைப் பாத்தாலே எனக்கு மனசு ஆறாதும்மா. 1902ல பதிவான, கௌஹர் ஜான்ங்கிற பாடகியோட தட்டுகளைக் கேட்டுப் பாரு, பாட்டு முடியுற எடத்துல அந்தம்மா தன் பேரைத் தானே சத்தமாச் சொல்லுவாங்க. அப்ப இந்தியாவுல தட்டு அடிக்கிற ஃபேக்டரி கெடையாது, 1908ல கல்கத்தாவுல வந்துச்சு, அதுவரைக்கும் பதிஞ்சதைக் கப்பல்ல ஏத்தி ஜெர்மனி ஹானோவருக்கு அனுப்புவாங்க, அங்க வேலை பாக்குறவங்களுக்கு யாரு பாட்டுன்னு தெரியணும்ல. கடல் தாண்டியும் அவங்க பேரு பத்திரமா வந்து சேந்துச்சு, இங்க ஒரே ஒரு அப்லோடுல அதைத் தொலைச்சிர்றாங்க.

பல்லவியோட மொத வரியைத் தமிழ்லயும், இங்கிலீஷ் எழுத்துல நாலஞ்சு விதமாவும் அடிச்சு யூடியூப், இன்டர்நெட் ஆர்க்கைவ் (இலவச இணைய நூலகம்), டிஸ்காக்ஸ் (இசைத்தட்டு விவரம் பட்டியல் போட்டு வச்சிருக்க தளம்) மூணுலயும் தேடு. அப்பவும் கெடைக்கலையா, பாட்டுப் புத்தகம் பக்கம் போகணும். நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா, போர்டு எழுதுற தொழில் பாத்தவரு, மத்தவங்க குப்பைன்னு ஒதுக்குன பாட்டுப் புத்தகம் நாடக நோட்டீஸ் எல்லாத்தையும் ஊர் ஊராத் தேடி வாங்கிச் சேத்தாரு, 1992ல காலமானாரு, அவரு சேத்ததை வச்சுத்தான் 1994ல சென்னையில அவரு பேருலயே நூலகம் வந்துச்சு. அங்க எழுதிக் கேளு. தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த வீடியோவுக்குக் கீழயே பேரையும் தட்டு நம்பரையும் எழுதிப் போட்டுரு.

கேள்வி: எங்க அப்பத்தா தாலாட்டுப் பாடுறதை போன்ல எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். போதும்ல? (ஒரு ஆச்சி, பள்ளத்தூர்)

பதில்: போதாது ஆச்சி. நாலு ஃபார்வர்டு தாண்டினா அது யாரு அப்பத்தான்னே யாருக்கும் தெரியாது, போனை மாத்துனா அதுவும் போச்சு. திரும்ப ஒருக்கா ஒக்காந்து எடுங்க. வளவுல (வீட்டு நடு முற்றத்துல) வேணாம், எதிரொலி அடிக்கும், துணிமணி மெத்தை எல்லாம் கெடக்குற சின்ன ரூம்ல ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, போனை அவங்களுக்கு ஒரு முழம் தள்ளி தலைகாணி மேல வைங்க, ரிக்கார்டர் ஆப்ல வேவ் (WAV, சத்தத்தைச் சுருக்காம சேமிக்கிறது) ஃபார்மேட் இருந்தா அதை வைங்க. பாட ஆரம்பிக்கிறதுக்கு முந்தி அப்பத்தாவையே பேரு, பொறந்த ஊரு, வாக்கப்பட்ட ஊரு, யாருகிட்டக் கத்துக்கிட்டாங்க எல்லாத்தையும் வாயால சொல்லச் சொல்லுங்க. மாமன் சீரு, கொண்டுவிக்கப் போன ஊரு, நகைப் பேருன்னு பாட்டுக்குள்ள வர்றதுல பாதி இன்னைக்குப் புள்ளைகளுக்குப் புரியாது, அதனால பாடி முடிச்சதும் ஒவ்வொரு வரியா அர்த்தம் கேட்டு அதையும் சேத்து ரிக்கார்டு பண்ணுங்க. அவங்க சம்மதிச்சா மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஏத்துங்க, தமிழ்லயே விவரம் எழுதுங்க, வேற ஊர் ஆச்சி யாராச்சும் கேட்டுட்டு எங்க ஊர்ல இந்த வரி வேற மாதிரின்னு சொல்ல வந்தா அது எவ்வளவு பெரிய விஷயம்.

கேள்வி: பழைய தட்டை ஏத்துனா காப்பிரைட் கேஸ் வருமா? (கானாடுகாத்தான்)

பதில்: நம்ம சட்டப்படி ஒரு ரெக்கார்டிங் வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து எண்ணி 60 வருஷம் உரிமை இருக்கும். ஆனா பாட்டு எழுதுனவரு, மெட்டுப் போட்டவரு உரிமை தனி, அவங்க காலமானதுக்கு அப்புறம் 60 வருஷம். ரெண்டும் தாண்டிருச்சான்னு பாத்துட்டு ஏத்துங்க. வெளிநாட்டுச் சட்டம் வேற, 78 தட்டுகளை ஏத்துனதுக்காக இன்டர்நெட் ஆர்க்கைவ் மேலயே 2023ல பெரிய கம்பெனிகள் கேஸ் போட்டாங்க.

கேள்வி: புதுசா பாடுறவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆப் எப்பப் பாத்தாலும் கேட்டதையே போடுது. (புதுவயல்)

பதில்: புடிச்ச பாட்டுல கிரெடிட்ஸைப் பாருங்க தம்பி, தவில் யாரு, கோரஸ் யாருன்னு ஒவ்வொரு பேரா எடுத்துத் தேடுங்க, அவங்க தனியாப் பண்ணது ஏதாச்சும் இருக்கும். பேண்ட்கேம்ப்னு பாட்டு விக்கிற இணையதளத்துல சிலரு நேரடியாவே விக்கிறாங்க, முடிஞ்சா காசு குடுத்து வாங்குங்க. ஃப்ரெண்டுக்கு அனுப்புறப்பயும் பாடுனவங்க சொந்த சேனல் லிங்கையே அனுப்புங்க, வேற யாரோ டவுன்லோடு பண்ணித் திரும்ப ஏத்துனதை அனுப்பாதீங்க, வியூஸும் காசும் பாடுனவங்களுக்குப் போகட்டும்.