பேச்சு சிகிச்சைப் படிப்புக்கு ஏழரை லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: ராஜபாளையம் பக்கம் இருக்கிறோம். கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். பிடித்தம் போக கைக்கு 30,000 வருகிறது. நான் தையலில் மாதம் 5,000 பார்க்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்துவிட்டாள். என் அண்ணன் பேரனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்று மதுரைக்கு ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப் போவார்கள். இவளும் கூடப் போய்ப் போய், அந்தப் படிப்புதான் படிப்பேன் என்கிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்டல், பேச்சு-மொழி சிகிச்சைக்கான இளநிலைப் பட்டம்) இடம் தருகிறார்கள். ஆண்டுக் கட்டணம் 1.75 லட்சம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு லட்சம். ஈடு இல்லாமல் ஏழரை லட்சம் வரை கல்விக்கடன் கிடைக்கும் என்கிறார் வங்கி மேனேஜர். எங்களிடம் மூன்று லட்சம் டெபாசிட் இருக்கிறது. மாதம் 5,000 கட்டும் சீட்டில் பத்து மாதம் கழித்து ஒரு லட்சம் வரும். 12 சவரன் நகை இருக்கிறது. "நர்சிங் படிக்க வை, உடனே வேலை" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். முழுக் கடனையும் வாங்கலாமா, நகையை வைக்கலாமா, இந்தப் படிப்பே வேண்டாமா?

பதில்: படிக்க வையுங்கள். ஏழரை லட்சம் மட்டும் வாங்காதீர்கள்.

உங்கள் மகள் தெரபி அறையைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறாள். பெயரைக் கேட்டு ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கும் இவளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு குழந்தையிடமிருந்து ஒரே ஒரு சொல்லை வரவழைக்க முக்கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டி, ஊதி, கண்ணாடி முன்னால் வாயைக் குவித்துக் காட்டி, கடைசியில் "ப்பா" என்று ஒரு சத்தம் மட்டும் கிடைத்தால் அன்றைய வேலை நன்றாக நடந்தது என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகும் வேண்டும் என்கிறாள் என்றால், அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். நர்சிங் நல்ல படிப்புதான். விருப்பமே இல்லாமல் அதில் தள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இது நான்கு வருடப் படிப்பு. அதில் வகுப்புப் படிப்பு மூன்று வருடம், கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். அது முடிந்ததும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். அதனால் எந்தக் கல்லூரியானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அதன் பெயரையும், இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்பதையும் நீங்களே பாருங்கள். "அப்ரூவல் வந்துவிடும்" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள்.

இனி கடனுக்கு வருகிறேன். உங்கள் கணக்கில் நான்கு வருடத்துக்கு 11 லட்சம் ஆகிறது. ஏழரை லட்சத்தை நான்கு சம பாகமாக ஆண்டுத் தொடக்கத்தில் வங்கி கொடுப்பதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்திலும் அது முடிந்து ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 2,62,500 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் உங்கள் மகளின் பெயரில் 10,12,500 நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 13,400 கட்ட வேண்டும். பதினைந்து வருடமாக நீட்டினால் சுமார் 10,900. மொத்தமாகப் பார்த்தால் பத்தொன்பதரை லட்சத்துக்கு மேல் போகும்.

அவள் முதல் சம்பளத்தை இப்போதைக்கு 20,000 என்று வையுங்கள். கூடவும் வரலாம், குறைவாகவும் வரலாம். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, சாப்பிட்டு, 13,400 தவணையும் கட்டிவிட்டு அந்தப் பிள்ளை எதை வைத்து மாதத்தை ஓட்டுவாள்?

இதில் பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. மருத்துவம் சார்ந்த எந்தத் தொழிலிலும் முதல் இரண்டு மூன்று வருட வேலைதான் கை பழகும் காலம். பக்கவாதம் வந்து பேச்சு இழந்தவர்கள், உணவை விழுங்க முடியாதவர்கள், திக்குவாய், அன்னப்பிளவு, ஆட்டிசம், காது கேட்பதற்காக உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வைத்த குழந்தைகள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிற மருத்துவமனையில், ஒரு சீனியரின் பார்வையில் வேலை செய்தால்தான் தெரபிஸ்ட் தேறுவார். அப்படிப்பட்ட இடங்களில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் சுமார்தான். இந்தப் பட்டத்தில் ஆடியோலஜியும், அதாவது கேட்டல் குறைபாட்டைப் பார்க்கும் துறையும் சேர்ந்தே இருப்பதால், காது மெஷின் விற்கிற கிளினிக்குகளிலும் வேலை கிடைக்கும். அங்கே விற்பனைக்கு ஏற்ப இன்சென்டிவ் உண்டு. அதுவும் நியாயமான வேலைதான், விரும்பிப் போனால் போகட்டும். ஆனால் 5ஆம் தேதி தவணை கட்ட வேண்டுமே என்பதற்காக, குழந்தைகளுக்குப் பேச்சு வரவழைக்க ஆசைப்பட்டுப் படித்த பெண் மாத டார்கெட்டை எண்ணிக்கொண்டிருக்கும்படி ஆகக் கூடாது. கடன் எவ்வளவு என்பதுதான் அவள் முதல் வேலையை முடிவு செய்யும். அதனால்தான் சின்னக் கடனாக இருக்கட்டும் என்கிறேன்.

எவ்வளவு சின்னதாக? நான்கு லட்சம். அதுவரை வங்கிகள் பொதுவாக ஈடோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை, நம் பங்காக மார்ஜின் பணமும் போட வேண்டாம். பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். ஆண்டுக்கு ஒரு லட்சமாக எடுத்து, வட்டியை மட்டும் நீங்கள் அவ்வப்போது கட்டிவிடுங்கள். முதல் வருடம் மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருடம் 1,667, மூன்றாம் வருடம் 2,500, அப்புறம் 3,333. இப்படிக் கட்டினால் அவள் வேலைக்குப் போகும்போது கடன் நான்கு லட்சமாகவே நிற்கும், பத்து வருடத் தவணை சுமார் 5,300தான். 20,000 சம்பளத்தில் இதைத் தாங்கலாம். படிக்கும்போதே வட்டி கட்டினால் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கும். கையெழுத்துப் போடும்போதே கேட்டு, சாங்ஷன் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

பிடித்தம் போக உங்கள் ஆண்டு வருமானம் 4.2 லட்சம். நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, தொழிற்படிப்புக் கடனின் வட்டியைப் படிப்புக் காலத்துக்கும் பிறகு ஓராண்டுக்கும் ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் எட்டு லட்சம் வருமானம் வரை மூன்று சதவீத வட்டிச் சலுகை உண்டு. இரண்டுக்குமே கல்லூரியும் தகுதியானதாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்கும் கல்லூரி தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் பாருங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றை இந்த வாரமே வாங்கி வையுங்கள். மானியம் வந்தால் மாதாமாதம் கட்ட நினைத்த வட்டிப் பணம் மிச்சம். ஆனால் வராது என்று வைத்தே திட்டமிடுங்கள். படிப்பை இடையில் விட்டால் அந்த மானியம் கிடைக்காது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அது அவள் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

கையில் இருப்பதைக் கூட்டிப் பார்ப்போம். டெபாசிட்டில் ஒரு லட்சத்தை அவசரத்துக்குத் தொடாமல் வைத்துவிட்டு இரண்டு லட்சம். சீட்டுப் பணம் ஒரு லட்சம். சீட்டு முடிந்த பிறகு அதே 5,000த்தை மீதி 38 மாதம் படிப்புக்கு ஒதுக்கினால் 1.9 லட்சம். கடன் நான்கு லட்சம். மொத்தம் 8.9 லட்சம். இதிலிருந்துதான் கடன் வட்டியும் போக வேண்டும். வட்டியைச் சேர்க்காமலே 11 லட்சத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இடிக்கிறது. இந்தக் கல்லூரி உங்கள் கைக்கு அடங்கவில்லை. உடனே முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் அரசு இடங்களுக்கு முயன்று பாருங்கள். தமிழக மருத்துவக் கல்வித் துறை நடத்தும் துணை மருத்துவப் படிப்பு கவுன்சலிங்கில் பி.ஏ.எஸ்.எல்.பி. உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஈ.சி.ஆர். சாலையில் முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் நிப்மெட் (பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம்) இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம். அப்புறம் மைசூரு. 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. இந்தத் துறையில் இந்தியாவிலேயே பெரிய பெயர். ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது, நாடு முழுவதற்கும் தானே சேர்க்கை நடத்துகிறது. ராஜபாளையத்துப் பிள்ளை மைசூருக்கா என்று தயங்காதீர்கள். அரசு நிறுவனங்களில் கட்டணம் மிகக் குறைவு, தங்குவதும் சாப்பாடும்தான் பெரிய செலவு. வருடம் ஒரு லட்சம் என்று வைத்தாலும் நான்கு லட்சத்தில் படிப்பு முடியும். அப்போது உங்களுக்குக் கடன் தேவைப்படுவதே சந்தேகம். விண்ணப்பத் தேதிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அரசு இடம் எதுவும் கிடைக்காமல் தனியார்தான் என்று ஆகிவிட்டால், கல்லூரியிடம் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். இன்டர்ன்ஷிப் வருடத்துக்கும் முழுக் கட்டணம் உண்டா? உதவித்தொகை தருவார்களா? அந்த வருடம் விடுதி கட்டாயமா? 11 லட்சம் என்ற உங்கள் கணக்கில் நான்காம் வருடத்துக்கும் முழுக் கட்டணம் இருக்கிறது. அது குறைந்தாலே இடைவெளி பாதி அடைபடலாம். கூடவே, கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை பேர் தெரபிக்கு வருகிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். நோயாளிகள் வராத கல்லூரியில் இந்தப் படிப்பைப் படிப்பது பணத்துக்கும் நஷ்டம், பிள்ளைக்கும் நஷ்டம்.

நகையை அடகு வைக்க வேண்டாம். நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கடன். வருடா வருடம் திருப்பி வைக்க வேண்டும். ஐந்து வருடம் வருமானம் வராத ஒரு செலவுக்கு அது ஒத்துவராது. வங்கியில் சாங்ஷன் ஒரு மாதம் தள்ளிப்போனால் முதல் தவணைக் கட்டணத்துக்கு மட்டும் வைத்து உடனே மீட்கலாம், அவ்வளவுதான். கடைசியில் இரண்டு லட்சம் இடித்தே தீரும் என்றால், மூன்று சவரனை விற்றுவிடுவது ஏழரை லட்சம் கடனைவிட நல்லது. இன்றைய விலையில் அது போதும். அவள் கல்யாணத்துக்கு என்று சேர்த்த நகை என்பது எனக்குத் தெரியும். அதனால் அவளிடமே கேட்டுச் செய்யுங்கள்.

பட்டத்தோடு ஆர்.சி.ஐ. பதிவு வந்ததும் அவள் வேலை செய்யலாம். ஆனால் இந்தத் தொழிலில் மேலே போக எம்.எஸ்.சி. தேவைப்படும். அங்கே பேச்சு-மொழி சிகிச்சை தனி, ஆடியோலஜி தனி, இரண்டு வருடம். கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்றாலும் முதுநிலை வேண்டும். அமெரிக்காவில் பேச்சு சிகிச்சையாளர் ஆவதற்கே முதுநிலைப் பட்டம் அடிப்படை. அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் உடனே சேரட்டும். தனியாரில்தான் என்றால் இரண்டு வருடம் வேலை பார்த்து, கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, எந்தப் பிரிவு பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகு போகட்டும். மீதி நகையைத் தொடாமல் வைக்கச் சொல்வது எம்.எஸ்.சி.யின் இரண்டு வருடத்தையும் மனதில் வைத்துத்தான்.

சொந்த கிளினிக் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பேச்சு சிகிச்சைக்கு மட்டும் என்றால் ஒரு அமைதியான அறை, தாழ்ந்த மேசை, கண்ணாடி, பொம்மைகள், படஅட்டைகள் போதும். முதலீடு குறைவு. ஆடியோலஜி சேர்த்தால் ஒலி புகாத அறை, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டர், அது சரியாக அளக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் கேலிபிரேஷன் என்று லட்சங்களில் போகும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு தெரபிஸ்டின் டைரியைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் எட்டுப் பெயர், அதில் இரண்டு மூன்று அடிக்கப்பட்டிருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல், மழை, அக்காவுக்குப் பரீட்சை. வராத குழந்தைக்குக் கட்டணம் இல்லை, அறை வாடகை மட்டும் உண்டு. இப்படி ஏறி இறங்கும் வருமானத்தில் பெரிய மாதத் தவணை இருந்தால் நிம்மதியாக இருக்க முடியாது. மே மாதம் ஊருக்குப் போகிற குடும்பங்களை நினைத்து ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே அந்தப் பேச்சை எடுக்கட்டும்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கடனில் உங்கள் கணவரும் கையெழுத்துப் போடுகிறார், வீட்டு வருமானத்தில் பெரும்பங்கு அவருடையது. அவர் பெயரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் இல்லையென்றால், கடன் விண்ணப்பத்தோடு அதையும் எடுத்துவிடுங்கள். வங்கி தன் கடனோடு சேர்த்து ஒரு பாலிசியைக் கொடுத்து, அதன் பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றப் பார்க்கும். அது வேண்டாம், தனியாக எடுக்கிறோம் என்று சொல்லுங்கள்.